சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும் முன் பிள்ளையோட ரத்தத்தைப் பாருங்க

1) செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். அதையொட்டி ஒவ்வொரு மாவட்டத்திலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடத்தும். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எங்க ஆரணியைச் சுத்தி இருக்கிற போளூர் ரோடு, சேத்துப்பட்டு ரோடு, செய்யாறு ரோடுன்னு எல்லாத்துலயும் "பயிற்சி" ஆரம்பிச்சிடும். அப்பாவோ அண்ணனோ டிவிஎஸ் எக்ஸ்எல்ல முன்னாடி போவார். பிள்ளை பள்ளியில கொடுத்த சைக்கிள்ல பின்னாடி நாக்கு தள்ளிக்கிட்டு வரும். "நிறுத்தாதே, மிதி!" தினமும் 40 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர். இதைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2) நேரா விஷயத்துக்கு வரேன். இது பயிற்சி இல்லைங்க. பிள்ளையைத் துரத்துறது. இதனால நேரம் குறையாது, பிள்ளைதான் குறையும். நான் விளையாட்டு மருத்துவ நிபுணர் கிடையாது. அரசு மருத்துவமனையில வெளிநோயாளிகளைப் பார்க்கிற சாதாரண எம்பிபிஎஸ். ஆனா இந்தச் சீசன்ல முட்டி வலி, மயக்கம், "மூச்சு பத்தல டாக்டர்"னு வர்ற பிள்ளைகள் எங்ககிட்டதான் வர்றாங்க. அதனால பேச எனக்கு உரிமை இருக்கு.

3) முதல்ல போட்டியைப் பார்ப்போம். 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கி.மீ., பெண்களுக்கு 10 கி.மீ. 15 வயது, 17 வயதுப் பிரிவுகள்ல பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. கியர் இல்லாத, இந்தியாவுல தயாரான சாதாரண சைக்கிள்தான் அனுமதி. இது அருமையான விதி. காசு இருக்கிறவன் லட்ச ரூபாய் சைக்கிளோட வந்து ஜெயிச்சிட்டுப் போக முடியாது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி வண்டியில நிக்கலாம். போட்டியை நான் குறை சொல்லவே இல்லை. அதுக்கு நாம தயார் பண்ற விதத்தைத்தான் சொல்றேன்.

4) இந்த மாதிரி முயற்சிக்கு உலகத்துல ரொம்ப சுத்தமான வடிவம் ரெண்டு இருக்கு. ஒண்ணு டைம் ட்ரையல்: ரோட்டுல தனியா, கடிகாரத்தோட மட்டும் போட்டி. இன்னொண்ணு வெலோட்ரோம்ல நடக்கிற தனிநபர் பர்சூட், அதாவது துரத்தல். ரெண்டு பேர் பாதையோட எதிரெதிர்ப் பக்கத்துல நின்ன இடத்துலேர்ந்து கிளம்புவாங்க. ஒருத்தர் மத்தவரைப் பிடிச்சிட்டா ஆட்டம் முடிஞ்சுது. பிடிக்கலைன்னா யார் நேரம் குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. ஆண்களுக்கு 4 கி.மீ. பெண்களுக்கு ரொம்ப காலம் 3 கி.மீ.யா இருந்து, 2025லேர்ந்து 4 ஆக்கிட்டாங்க. முன்னாடி போறவன் நிழல்ல காத்துக்கு ஒளிஞ்சுக்க வழியே இல்லை. உடம்பு என்னவோ அதுதான் ரிசல்ட்.

5) 2021 ஆகஸ்ட்ல அமெரிக்காவின் ஆஷ்டன் லாம்பி மெக்சிகோவுல 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 59.930 விநாடியில முடிச்சார். 4 நிமிடத்துக்குக் கீழே வந்த முதல் மனுஷன். சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல, அதுவும் நின்ன இடத்துலேர்ந்து கிளம்பி! அந்த 4 நிமிடத்துல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, நம்ம ஊர் ரோட்டுல நடக்கிற தப்பு தானா புரியும்.

6) 100 மீட்டர் ஓட்டத்துல தசை தன்கிட்ட இருக்கிற கையிருப்பை வெச்சே சமாளிச்சிடும். 4 நிமிடம்னா அது பத்தாது. தேவைப்படுற சக்தியில முக்கால் பங்குக்கு மேல ஆக்சிஜனை வெச்சுத்தான் தயாராகணும். 20 கி.மீ. போட்டின்னா கிட்டத்தட்ட முழுசுமே ஆக்சிஜன்தான். நுரையீரல் இழுக்கணும், ரத்தம் சுமக்கணும், இதயம் தள்ளணும், தசை வாங்கிக்கணும். இந்த நாலுல எது பலவீனமோ அதுதான் அந்தப் பிள்ளையோட வேகம்.

7) நம்ம பிள்ளைகள்கிட்ட பெரும்பாலும் எது பலவீனம்னு நினைக்கிறீங்க? காலா? மன உறுதியா? இல்லைங்க. ரத்தம். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 15–19 வயசுப் பெண்கள்ல 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயசுப் பையன்கள்ல 31 பேருக்கு. "தமிழ்நாடு முன்னேறின மாநிலம்தானே"ன்னு கேட்பீங்க. இங்கயும் 15–49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைதான்.

8) ஒரு சின்னக் கணக்கு. 1 கிராம் ஹீமோகுளோபின் சுமாரா 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 13 இருக்கிற பொண்ணோட 100 மில்லி ரத்தம் 17 மில்லிக்கு மேல ஆக்சிஜன் தூக்கிட்டுப் போகும். 9 இருக்கிற பொண்ணோட ரத்தம் 12 மில்லிதான். கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள், ஒரே ரோடு, ஒரே வெறி. ஆனா ஒருத்தி கிளம்பும்போதே முக்கால் டேங்க் கூட இல்லாம கிளம்புறா. அவளைப் பார்த்து "சோம்பேறி, முக்கவே மாட்டேங்கிறா"ன்னு கத்துறீங்களே, நியாயமா?

9) இதுல கொடுமை என்னன்னா, அந்த 9 பாயிண்ட் பொண்ணுதான் 13 பாயிண்ட் பொண்ணைவிட அதிகமா கஷ்டப்படுவா. இதயம் படபடன்னு அடிக்கும், கால் எரியும், கண்ணு இருட்டும். நாம அதைப் பார்த்து "ஆங், இப்பதான் உழைக்கிறா"ன்னு சந்தோஷப்படுவோம். வலி உழைப்புக்கு அளவுகோல் இல்லைங்க. நோய்க்கும் வலிக்கும்.

10) "அதெல்லாம் சரி டாக்டர், தூரம் போனாத்தானே ஸ்டாமினா வரும்?" நியாயமான கேள்வி. உலகத் தர வீரர்கள் வாரத்துக்கு 20, 25 மணி நேரம் கூட ஓட்டுவாங்க, உண்மை. ஆனா அவங்க பெரியவங்க. பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அங்க வந்தவங்க. மதியம் தூங்க நேரம் இருக்கு, சாப்பாட்டை அளந்து கொடுக்க ஆள் இருக்கு. நம்ம பிள்ளை காலையில 40 கி.மீ. மிதிச்சிட்டு, ரெண்டு இட்லியோட பள்ளிக்கு ஓடி, சாயங்காலம் டியூஷன் போய், வீட்டுல தார் சுத்திக் கொடுத்துட்டு, 11 மணிக்குப் படுக்குது. ரெண்டும் ஒண்ணா?

11) தறிக்காரங்க வீடுகளுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. பாவை அளவுக்கு மேல இழுத்துக் கட்டினா இழை அறும்னு உங்களுக்குத் தெரியாதா? முதல் நாளே ராப்பகலா உட்கார்ந்து ஒரு பட்டுப்புடவையை யாராவது நெய்து முடிக்கிறாங்களா? குழித்தறியில வருஷக்கணக்கா மிதிச்ச முட்டியும் இடுப்பும் என்ன ஆச்சுன்னு காட்ட எங்க ஓபிக்கு வர்றதே நீங்கதானே. பட்டுக்குக் காட்டுற பக்குவத்தைப் பிள்ளைக்கும் காட்டுங்கன்னுதான் கேக்கிறேன்.

12) 2007ல நார்வேயில ஒரு ஆய்வு. மொத்த வேலையளவைச் சமமா வெச்சு, நாலு விதமா ஓடவிட்டுப் பார்த்தாங்க. வாரம் 3 நாள், 8 வாரம். மெதுவா நீள ஓடின குழுவுக்கு உடம்போட அதிகபட்ச ஆக்சிஜன் கொள்ளளவு பெருசா கூடலை. 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவா, இப்படி 4 தடவை ஓடின குழுவுக்கு 7 சதவீதம் கூடிச்சு. அது ஓட்டத்துல செஞ்ச ஆய்வு, பெரியவங்ககிட்ட செஞ்சது. ஆனா இதயமும் ரத்தமும் ஒண்ணுதானே. தூரம் மட்டுமே கணக்கு இல்லைங்கிறதுக்கு இது போதும்.

13) இன்னொரு உதாரணம், ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. வேலையும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. வாஷிங் மெஷின்ல இருந்து எடுத்த பேரிங்கை எல்லாம் போட்டு சைக்கிளைத் தானே செஞ்சுக்கிட்டார். 1993 ஜூலையில ஒரு மணி நேர உலக சாதனை, 51.596 கி.மீ. 1993லயும் 1995லயும் பர்சூட்ல உலக சாம்பியன். அவரோட பயிற்சி முறை என்ன தெரியுமா? உயிரைக் கொடுத்து ஒரு கடினப் பயிற்சி. அப்புறம் உடம்பு முழுசா தேறுற வரைக்கும் அடுத்த கடினப் பயிற்சிக்குப் போகவே மாட்டார். ஓய்வு சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா அவர் பேரைச் சொல்லுங்க. அதே ஓப்ரீ கடுமையான மனச்சோர்வு நோயோட போராடினவர், அதை அவரே வெளிப்படையா எழுதினார். மெடல் மனசை ஆத்தும்னு நினைக்கிறவங்க அதையும் தெரிஞ்சுக்கணும்.

14) சிலர் நேர் எதிர்த்திசையில ஓடுவாங்க. "நல்ல சைக்கிள் இருந்தா போதும்." 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் லோட்டஸ் கம்பெனி செஞ்ச கார்பன் சைக்கிள்ல பர்சூட் தங்கம் ஜெயிச்சார். இறுதிப் போட்டியில எதிராளியையே பிடிச்சிட்டார். உலகமே சைக்கிளைப் பத்திப் பேசிச்சு. ஆனா அந்த மனுஷன் வேலையில்லாத தச்சர். பீட்டர் கீன்ங்கிற விளையாட்டு விஞ்ஞானியோட வருஷக்கணக்கா உடம்பை அளந்து, அளந்து பயிற்சி செஞ்சவர். அதை யாரும் போட்டோ எடுக்கலை. அளந்து பார்க்கிறதுதான் நாம அங்கேர்ந்து எடுத்துக்க வேண்டியது. அதுக்குக் கார்பன் வேணாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

15) சரி, என்னதான் செய்யணும்? 15–17 வயசு ஆரோக்கியமான பிள்ளைக்குச் சொல்றேன்.
• வாரம் 4 நாள் போதும். தொடர்ந்து ரெண்டு நாள் கடினமா வேண்டாம்.
• ஒரே ஒரு நாள் கடினப் பயிற்சி: 15 நிமிடம் மெதுவா மிதிச்சுச் சூடேத்திட்டு, 4 நிமிடம் வேகம், 4 நிமிடம் மெதுவா. முதல் வாரம் 2 தடவை. போகப் போக 4 வரைக்கும்.
• மத்த நாள் எல்லாம் பேசிக்கிட்டே மிதிக்கிற வேகம். முழு வாக்கியம் பேச முடியலைன்னா வேகம் அதிகம்.
• போன வாரத்தைவிடப் பத்துல ஒரு பங்குக்கு மேல தூரத்தைக் கூட்டாதீங்க.
• போட்டிக்கு முந்தின வாரம் பாதியாக் குறைச்சிடுங்க. கடைசி வாரத்துல ஸ்டாமினா வராது, களைப்புதான் வரும்.

16) வேகத்தைப் பங்கிடுறது தனிக் கலை. காத்தைக் கிழிச்சிட்டுப் போகத் தேவையான சக்தி, வேகத்தோட மும்மடிக்கு ஏறும். 10 சதவீதம் வேகம் கூட்டினா, காத்துக்கு மட்டும் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேணும். அதனாலதான் முதல் கிலோமீட்டர்ல பறக்கிறவன் கடைசி கிலோமீட்டர்ல தவழுறான். முதல் கிலோமீட்டர்ல "இன்னும் வேகமா போகலாமே"ன்னு தோணணும், அப்பதான் சரி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி அதிகம் வராத அதே 4 கி.மீ. ரோட்டுல, அதே நேரத்துல ஓட்டி ஒவ்வொரு கிலோமீட்டர் நேரத்தையும் எழுதுங்க. நாலும் கிட்டக்கிட்ட வந்தா பிள்ளை கத்துக்கிட்டான்னு அர்த்தம்.

17) டிவிஎஸ் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஓட்டுறதை இன்னைக்கே நிறுத்துங்க. முன்னாடி வண்டி காத்தைத் தடுக்கிறதால பிள்ளைக்கு வராத வேகம் வந்த மாதிரி தெரியும். போட்டியில டிவிஎஸ் வராது. அதைவிட முக்கியம், நீங்க பிரேக் அடிச்சா பிள்ளை முகத்தால ரோட்டைச் சந்திக்கும். கிழிஞ்ச உதட்டைத் தைக்கிறது எங்க வேலைதான், ஆனா அது தைக்க வராம இருந்தா எனக்குச் சந்தோஷம். ஹெல்மெட் கட்டாயம்.

18) முட்டி வலிக்கு ஊசி கேட்டு வர்றவங்களுக்கு: முதல்ல சீட்டை ஏத்துங்க. அரசு சைக்கிள் எல்லாருக்கும் ஒரே அளவு, பிள்ளைங்க அப்படி இல்லையே. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுமேல வெச்சா கால் நேரா நிக்கணும். சீட் தாழ்வா இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லு நசுங்கும். ஸ்பேனர் செய்ற வேலையை டைக்ளோபினாக் செய்யாது. இதோட டயர்ல காத்து, செயின்ல எண்ணெய். செலவே இல்லாம நேரம் குறையும்.

19) "நாளைக்கு ரேஸ், ஒரு ட்ரிப்ஸ் போட்டு விடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்." தயவுசெஞ்சு கேக்காதீங்க. ஒரு பாட்டில் குளுக்கோஸ்ல இருக்கிற சத்து நாலு வாழைப்பழத்துக்குக் கூட ஈடாகாது. மருத்துவமனை சிகிச்சைக்கு இல்லாம 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல நரம்பு வழியா ஏத்துறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியில தடை செய்யப்பட்டது. போட்டி அன்னைக்கு வலி மாத்திரை, வலி ஊசி போட்டுக்கிட்டு வெயில்ல தண்ணி குடிக்காம ஓட்டினா அடி வாங்கப் போறது கிட்னி. அடையாளம் தெரியாத பவுடர், "சத்து டானிக்" எதுவும் வேண்டாம்.

20) "ஓட்டும்போது தண்ணி குடிச்சா கால் கனத்துடும்." இந்த வசனத்தை யார் கண்டுபிடிச்சாங்களோ! நம்ம பக்கத்து வெயில் உங்களுக்கே தெரியும். பயிற்சியைக் காலை 7 மணிக்குள்ள முடிங்க. தாகம் எடுத்தா குடிக்க விடுங்க. பிள்ளை உளறினா, தள்ளாடினா, உடம்பு நெருப்பா கொதிச்சா அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108க்கு போன் பண்ணுங்க. மயக்கத்துல வாயில தண்ணி ஊத்தாதீங்க. கடினமா ஓட்டின பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போனா அன்னைக்கே மருத்துவமனை. காய்ச்சல் இருக்கும்போது பயிற்சியே கூடாது, இதயத் தசை வரைக்கும் பாதிக்கலாம்.

21) பெண் பிள்ளைகளைப் பெத்தவங்க இதைக் கூச்சமில்லாம படிங்க. மாதவிடாயில ரத்தப்போக்கு அதிகமா இருந்தா இரும்புச்சத்து ஓட்டை வழியா போற மாதிரி. அதே போல, பயிற்சி ஆரம்பிச்ச பிறகு 3 மாசம் மாதவிடாய் வரலைன்னா "விளையாடுறா, அப்படித்தான்"னு விடாதீங்க. செலவழிக்கிற சக்திக்கு ஏத்த சாப்பாடு உடம்புக்குப் போகலைன்னு அர்த்தம். எலும்பும் சேர்ந்து தேயும். "வெயிட் குறைச்சா வேகம் வரும்"னு வளர்ற பொண்ணைப் பட்டினி போடுறது பாவம்.

22) இப்ப மறுபடியும் ரத்தத்துக்கு வரேன். பச்சரிசி, மண், சாம்பல் தின்ற பழக்கம், வெளிறின கண் இமை, மாடி ஏறினா படபடப்பு... இதுல எது இருந்தாலும், இல்லாட்டியும், பேர் கொடுக்கும் முன் ஹீமோகுளோபின் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அரசு மருத்துவமனையிலயும் இலவசம். பெண்களுக்கு 12க்குக் கீழே, 15 வயசு தாண்டின பையன்களுக்கு 13க்குக் கீழே இருந்தா ரத்தசோகை. பள்ளியில வாரம் ஒண்ணு கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைங்க ஜன்னல் வழியா வீசுறாங்க. அதுதான் அவங்க கையில இருக்கிற லோட்டஸ் சைக்கிள். வீச விடாதீங்க. மலம் கருப்பா போகும், பயப்படாதீங்க.

23) பூச்சி மாத்திரை வருஷத்துக்கு ரெண்டு தடவை பள்ளியிலயே கொடுப்பாங்க, போட வைங்க. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, வாய்ப்பு இருந்தா ஈரல். கூடவே எலுமிச்சையோ நெல்லியோ. சாப்பாட்டோட டீ வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ஏற்கெனவே ரத்தசோகை இருந்தா சாப்பாடு மட்டும் பத்தாது, மருத்துவர் சொல்ற அளவுல மாத்திரை எடுத்தாகணும். இது ஒரு வாரத்துல ஏறாது. செப்டம்பர்ல போட்டின்னா ஜூன்ல பள்ளி திறந்ததுமே பரிசோதனை செஞ்சாத்தான் பலன்.

24) "முதல் பரிசு ஐயாயிரம் டாக்டர், எங்களுக்கு அது பெரிய காசு." தெரியும்ங்க. கூலியை நம்பி இருக்கிற வீட்டுல அது எவ்வளவு பெரிய தொகைன்னு தெரியாம பேசலை. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை கிடைக்கலாம்ங்கிற கனவும் நியாயமானதுதான். அந்தக் கனவு நிஜமாகணும்னாதான் பிள்ளை 17 வயசுலயே தேஞ்சு போகக் கூடாதுன்னு சொல்றேன். 2019ல ஜூனியர் உலகப் போட்டியில நம்ம இந்தியப் பையன்கள் டீம் ஸ்பிரிண்ட்ல தங்கம் ஜெயிச்சாங்க. சைக்கிள்ல நம்மால முடியும். ஆக்சிஜனை நம்பி இருக்கிற நீள முயற்சிகள்லயும் முடியணும்னா, நம்ம பிள்ளைகளோட ரத்தத்துல அதைச் சுமக்க ஆள் இருக்கணும்.

25) பி.டி. சார், டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க மேல கோபம் இல்லை. நூத்துக்கணக்கான பிள்ளைகளை ஒத்தை ஆளா சமாளிக்கிறீங்க. போட்டிக்குப் பேர் எழுதுற நோட்டுல பேர், வயசு, வகுப்புக்குப் பக்கத்துல இன்னும் ஒரு கட்டம் போடுங்க: ஹீமோகுளோபின். பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழுகிட்ட சொன்னா அவங்களே பார்த்துச் சொல்லிடுவாங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா பயிற்சி ஆரம்பிக்காதீங்க. 10க்குக் கீழே இருக்கிற பிள்ளையை இந்த வருஷம் மாத்திரையோட உட்கார வைங்க, அடுத்த வருஷம் ஓட்டட்டும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். சைக்கிள் போட்டிக்குத் தயாராகுற பிள்ளை இருக்கிற வீட்டு வாட்ஸ்அப்புக்கு இதை அனுப்பி விடுங்க.